தலையில் தூக்கி வைத்த பாஷை

பாண்டுங் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்து 2006-ல் கிளம்பும்போது ஊரில் எல்லாரும் சொன்னது ஒரே விஷயம்தான். "இந்தோனேசியனா? உலகத்திலேயே சுலபமான பாஷையாமே! மூணு மாசம் போதுமாம்."

பொய் இல்லீங்க. முதல் மூணு மாசத்துக்கு அது சத்தியமான உண்மை. வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது. "நான் சாப்பிடு நேத்து", "நான் சாப்பிடு நாளைக்கு" என்று சொன்னால் போதும். ஆண்பால் பெண்பால் தொல்லை இல்லை. பன்மை வேணுமென்றால் சொல்லை ரெண்டு தடவை சொல்லிவிட்டால் முடிந்தது. எழுத்தும் நமக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து. ஆறு மாசத்தில் காய்கறிக்காரம்மாவிடம் பேரம் பேசினேன். ஒரு வருஷத்தில் ஆங்கோட் (நம்ம ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன்) டிரைவரிடம் சில்லறைச் சண்டை போட்டேன். "அண்ணன் இந்தோனேசியன் மாதிரியே பேசுறார்"னு மில்லில் பெயர் வேறு. தலை கால் புரியவில்லை.

அந்தத் தெனாவட்டு 2010 மழைக்காலத்தில் இறங்கியது.

இடி விழுந்து டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ராத்திரி ஷிஃப்ட் ரெண்டு நாள் ஓட்ட முடியாது. நோட்டீஸ் எழுதுகிற ஆள் லீவு. "நான் எழுதறேன்"னு உட்கார்ந்தேன். நிறுத்துவதற்கு அவர்கள் சொல் "ஹெந்தி". "டிஹெந்திகான்" என்று எழுதினால் நிறுத்தப்படுகிறது என்று அர்த்தம். நான் கொஞ்சம் ஆபீஸ் தோரணையாக இருக்கட்டுமே என்று எங்கேயோ பார்த்த ஞாபகத்தில் "டிபெர்ஹெந்திகான்" என்று எழுதி, ஷிஃப்டுக்குப் பதிலாக "ராத்திரி ஷிஃப்ட் தொழிலாளர்கள்" என்று போட்டு, "திங்கள் முதல்" என்று முடித்து ஒட்டிவிட்டேன்.

நடுவில் சேர்ந்த ஒரே ஒரு "பெர்". அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? வேலையை விட்டு நிறுத்தப்படுகிறார்கள்!

மத்தியானம் கேட்டில் கூட்டம். ரிங் ஃபிரேமில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, கையில் சாப்பாட்டுத் தூக்கு, என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்: "பாக், நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" (பாக் என்றால் ஐயா. அப்பா என்ற சொல்தான் அது.) சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். நோட்டீஸைக் கிழித்து, விளக்கம் சொல்லி, ஆட்களை அனுப்ப ரெண்டு மணி நேரம் ஆச்சு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது சந்தைப் பாஷைதான், நாலு பேர் வயிற்றைத் தொடுகிற பாஷை தெரியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த வருஷம் பாண்டுங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டவருக்கான இந்தோனேசிய மொழி, மேல்நிலை வகுப்பில் சேர்ந்தேன். வாரத்தில் மூணு சாயங்காலம், ஒரு வருஷம். இங்கே சொல்லப்போவது அங்கே படித்த சரித்திரம்.

வகுப்பில் ஏழு பேர். ரெண்டு கொரியாக்காரர்கள், ஒரு ஜப்பானியர், ஆராய்ச்சிக்கு வந்த ஒரு டச்சுப் பெண், இன்னும் ரெண்டு பேர், அப்புறம் நான். ஆசிரியை சோலோ ஊர்க்காரர், ஜாவானியர். "இபு" என்று கூப்பிடுவோம். அம்மா என்று அர்த்தம். டீச்சர், மேடம், மேனேஜரம்மா எல்லாருக்கும் அதே சொல்தான்.

முதல் நாளே கையில் அகராதியைக் கொடுத்து "மெங்கூகுர்" என்ற சொல்லைத் தேடச் சொன்னார். ம-வில் தேடினோம். இல்லை. இந்தோனேசிய அகராதியில் வேர்ச்சொல் தெரிந்தால்தான் சொல் கிடைக்கும். முன்னொட்டு சேரும்போது வேரின் முதல் எழுத்து சில சமயம் காணாமல் போய்விடும். "ஊகுர்" என்பது வேர் என்றால் அளப்பது. "கூகுர்" என்பது வேர் என்றால் தேங்காய் துருவுவது! முன்னொட்டு சேர்ந்தபின் ரெண்டும் ஒரே உருவம். வாக்கியத்தில் துணி வருகிறதா தேங்காய் வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவு பண்ணணும். "அஜார்" என்று ஒரு வேர். அதிலிருந்து படிப்பது, கற்பிப்பது, மாணவன், ஆசிரியர், பாடம், ஆழ்ந்து ஆராய்வது, படித்த மனிதர் எல்லாம் கிளம்பும். "குராங் அஜார்" என்றால் படிப்பினை குறைந்தவன், அதாவது மரியாதை கெட்டவன். (சந்தையில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொற்களில் ஒன்று அது. யார் எனக்குச் சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம்.)

கொரியாக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம். பாடத்தில் இல்லை என்பதற்கு "டிடாக்", தெருவில் "ங்காக்". பாடத்தில் நான் என்பது "சாயா", ஜகார்த்தா பையன்கள் வாயில் அது "குவே". நீ என்பது "லு". இந்த ரெண்டும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தவை. "ஒரு நாட்டில் எதற்கு ரெண்டு பாஷை?"னு அவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது மட்டும் கஷ்டமாகவே இல்லை. இருக்கிறது என்று எழுதி இருக்குன்னு பேசுகிற ஜாதி நாம்!

மூணாவது வாரம் இபு ஒரு பழைய காகிதத்தின் நகலைக் கொடுத்தார். மூணே வாக்கியம். 1928 அக்டோபர் 28-ம் தேதி, அப்போது பாட்டாவியா என்றழைக்கப்பட்ட ஜகார்த்தாவில், இரண்டாவது இளைஞர் மாநாட்டின் முடிவில் எடுத்த தீர்மானம். இந்தோனேசியாவில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம். சும்பா பெமுடா, இளைஞர் உறுதிமொழி.

"சத்தம் போட்டுப் படிங்க, பாக்"னு என்னிடம் சொன்னார். தடுமாறிப்போச்சு. பழைய எழுத்துமுறை. உ என்பதற்கு ஓ-ஈ ரெண்டு எழுத்து, ய என்பதற்கு ஜே, ஜ என்பதற்கு டி-ஜே. எல்லாம் டச்சு வழக்கம். டச்சுப் பெண் கடகடவென்று படித்துவிட்டாள். இந்த எழுத்துமுறையை 1901-ல் வகுத்தவர் சார்ல்ஸ் வான் ஓப்ஹெய்சன். சுமத்ராவில் பிறந்த டச்சுக்காரர். 1904-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் மலாய்ப் பேராசிரியர் ஆனார். லைடனில் மலாய் படித்தவர்களில் பெரும்பாலானோர் இங்கே அதிகாரியாக வந்து ஆளப்போகிற பையன்கள். ஆக, இந்தப் பாஷையைப் பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்து படித்த முதல் தலைமுறைகள் இதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்ல, அவர்களை ஆண்டவர்கள்! அன்று அந்தப் பெண் கொஞ்சம் கூச்சத்தோடுதான் உட்கார்ந்தாள்.

அப்புறம் 1947-ல் ஓ-ஈ போய் யூ வந்தது. 1972-ல் பெரிய சீர்திருத்தம். ஆகஸ்ட் 16-ம் தேதி சுகார்த்தோ அறிவித்தார். நம்ம ஊரில் 1978-ல் எம்.ஜி.ஆர் காலத்தில் ணை, லை எல்லாம் கொம்பு இழந்த கதைதான். ஆனால் பெயர்களை மட்டும் பலர் மாற்றவில்லை. எழுத்தை மாற்ற உத்தரவு போட்ட சுகார்த்தோவே கடைசி வரை தன் பெயரைப் பழைய முறையில்தான் எழுதினார்!

சரி, அந்த மூணு வாக்கியத்துக்கு வருவோம்.

மாநாட்டில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் பலர் டச்சுப் பள்ளிகளில் படித்தவர்கள். மேடையில் டச்சும் புழங்கியது. நல்ல மலாய் பலருக்கு வராது. மாநாட்டின் கடைசி அமர்வு நடந்த கிராமாத் தெரு 106-ம் எண் வீடு ஒரு சீனருக்குச் சொந்தம். மாணவர்கள் தங்கியிருந்த விடுதி. அங்கேதான் சுப்ராத்மான் என்ற பத்திரிகைக்காரர், பிற்பாடு தேசிய கீதமான பாட்டை வயலினில் மட்டும் வாசித்தார். வார்த்தையைப் பாடினால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம்.

தீர்மானத்தின் முதல் வாக்கியம்: நமக்கு ஒரே தாய்மண். இரண்டாவது: நாம் ஒரே தேசம். மூணாவது என்னவாக இருக்கும்? "ஒரே மொழி"ன்னு நான் சட்டென்று சொன்னேன். இபு சிரித்தார். "பாதி இந்தோனேசியர்கள் அப்படித்தான் சொல்வாங்க. காகிதத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

காகிதத்தில் "ஒரே" இல்லை!

முதல் ரெண்டு வாக்கியத்திலும் "சத்து", ஒன்று என்ற சொல் இருக்கிறது. மூணாவதில் இருப்பது "பெர்சத்துவான்". ஒன்று என்பதிலிருந்து நமக்கு ஒற்றுமை கிடைத்த மாதிரி, சத்துவிலிருந்து பிறந்த சொல். ஒற்றுமையின் மொழியான இந்தோனேசிய மொழியை நாங்கள் "மெஞ்ஜுஞ்ஜுங்" செய்கிறோம் என்பதுதான் வாசகம். அகராதியில் போற்றுகிறோம், உயர்த்திப் பிடிக்கிறோம் என்று போட்டிருந்தது. "வேர் என்ன?" என்றார் இபு. ஜுஞ்ஜுங். தலைமேல் வைத்துச் சுமப்பது. பாலியில் பெண்கள் பழம், பூ எல்லாம் கோபுரம் மாதிரி அடுக்கித் தலையில் வைத்துக் கோயிலுக்குப் போகும் படம் ஒன்றைக் காட்டினார். அதுதான் ஜுஞ்ஜுங்.

அதாவது, எங்கள் வீட்டு மொழியை விட்டுவிடுகிறோம் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை. அதோடு சேர்த்து இதையும் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு முன்னொட்டில் நாற்பது பேரைப் பதற வைத்தவன் நான். ஒரு பின்னொட்டு, ஒரு வேர் இவற்றில் ஒரு தேசத்தின் நினைப்பே மாறும் என்றால் எனக்குப் புரியாமல் போகுமா?

இங்கே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு கேள்வி வரும், வரணும். நாட்டில் ஏறத்தாழ பாதிப் பேர் ஜாவானியர்கள். 1930 கணக்கெடுப்பில் நூற்றுக்கு நாற்பத்தேழு. மலாயைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அதில் ஒரு சிறு துண்டு. அப்படி இருக்க ஏன் ஜாவா மொழி தேசிய மொழி ஆகவில்லை? பெரும்பான்மை பேசுகிறது என்பதே காரணமாகக் காட்டப்பட்ட ஒரு மொழியை எதிர்த்து 1937-லும் 1965-லும் தெருவில் இறங்கிய ஊர்க்காரன் நான். ஆகவே வகுப்பில் இதை இபுவிடமே கேட்டேன், ஜாவானியராச்சே.

அவர் கரும்பலகையில் "சாப்பிடு" என்பதற்கு மூணு சொல் எழுதினார். மாங்கான், நெடா, டஹார். சிநேகிதனோடு பேசினால் முதலாவது. பெரியவரிடம் என்னைப் பற்றிச் சொன்னால் இரண்டாவது. பெரியவர் சாப்பிடுவதைச் சொன்னால் மூணாவது. நம்மிடமும் தின்பது, சாப்பிடுவது, அமுது செய்வது என்று உண்டு. ஆனால் ஜாவா மொழியில் ஒரு வாக்கியம் தொடங்குவதற்கு முன்பே எதிரில் இருப்பவர் நமக்கு மேலா கீழா என்று தெரிய வேண்டும். அதற்குத் தகுந்த மாதிரி அன்றாடச் சொற்களில் நிறைய மாறும். "மேடையில் ஏறி 'தோழர்களே, நாம் எல்லாரும் சமம்'னு சொல்லணும் என்றால் எந்த அடுக்கில் நின்று சொல்றது?" என்று கேட்டார் இபு.

மலாயில் அந்த அடுக்கு இல்லை. தவிர அது துறைமுகங்களின் பாஷை. சுமத்ராவிலிருந்து மலுக்கு வரை கப்பல் நிற்கிற இடமெல்லாம் பேரம் பேச உதவியது. டச்சுக்காரர்கள் தங்கள் மொழியைப் பொது ஜனத்துக்குப் பரப்ப அக்கறைப்படவில்லை. 1930-ல் டச்சு எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் நூற்றில் ஒருவர்கூடக் கிடையாது. கச்சேரிக் காரியங்களுக்கு மலாயையே வைத்துக்கொண்டார்கள். 1917-ல் பாலாய் புஸ்தாகா என்ற அரசுப் பதிப்பகம் வந்து மலாய்ப் புத்தகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனது. எல்லாருக்கும் பாதி தெரியும், யாருக்கும் முழுசாகச் சொந்தமில்லை. அதனால் யாருக்கும் பொறாமையும் இல்லை.

பெயர் வைத்த கதை இன்னும் சுவாரசியம். 1926-ல் முதல் இளைஞர் மாநாடு. தீர்மான வரைவை எழுதியவர் முகம்மது யாமின், சுமத்ராவின் மினாங்கபாவ்காரர். அதில் "மலாய் மொழி" என்று எழுதியிருந்தார். மதுரா தீவுக்காரரான தப்ரானி மறுத்தார் (நம்ம மதுரை இல்லை, ஜாவாவுக்குப் பக்கத்துத் தீவு). தேசத்தின் பெயர் இந்தோனேசியா என்றால் மொழியின் பெயரும் இந்தோனேசியாவாகத்தான் இருக்கணும் என்பது அவர் வாதம். இத்தனைக்கும் அந்தப் பெயரில் அப்போது நாடும் கிடையாது, மொழியும் கிடையாது! முடிவு அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிப்போய், ரெண்டு வருஷம் கழித்து யாமினே "இந்தோனேசிய மொழி" என்று எழுதினார். தப்ரானியைப் பல காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023-ல்தான் தேசிய வீரர் பட்டம் கொடுத்தார்கள்.

(இடையில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அந்த மொழியை வெறுமனே "பஹாசா" என்று சொல்லாதீர்கள். அது நம்ம பாஷை என்ற சொல்தான். தமிழை "மொழி பேசுவீங்களா?"னு கேட்ட மாதிரி இருக்கும்.)

பாஷை என்று வந்தபின் நம்ம பங்கைச் சொல்லாமல் விட முடியுமா? இரண்டாம் பருவத்தில் கடன்சொற்கள் பாடம். சமஸ்கிருதம், அரபு, போர்த்துக்கீசியம், டச்சு, சீனம் என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. தமிழ் என்று வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காப்பால் - கப்பல். கெடாய் - கடை. பெத்தி - பெட்டி. கூலி - கூலியேதான். திராய் - திரை. மோடால் - முதல், அதாவது மூலதனம். செருட்டு - சுருட்டு. எல்லாம் துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் இறங்கின சரக்கு. "மெம்பெலாய்" என்பது நம்ம மாப்பிள்ளை. ஆனால் அங்கே மணப்பெண்ணுக்கும் அதே சொல்! பெண் மாப்பிள்ளை என்று பத்திரிகையிலேயே அச்சடிப்பார்கள். "பெலெங்கு" என்பது நம்ம விலங்கு, கையில் மாட்டுகிற விலங்கு. ஆர்மெய்ன் பானே 1940-ல் எழுதிய பெயர்பெற்ற நாவலின் தலைப்பே அதுதான். சுமத்ராவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-ல் வெட்டி வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது என்றால், இந்தச் சொற்கள் எவ்வளவு பழைய பாதையில் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே பருவத்தில் படித்த இன்னொருவர் முன்ஷி அப்துல்லா. 1843-ல் எழுதி முடித்து 1849-ல் அச்சான தன்வரலாறு அவருடையது. பிறந்தது மலாக்கா. முன்னோர் யேமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கேயே பெண் கட்டி, பிறகு மலாக்கா போனவர்கள். மலாக்காவில் கணக்கு வழக்குக்குத் தமிழ் தேவை என்று அவரைச் சின்ன வயசில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள்! வளர்ந்து, வெள்ளைக்காரப் பாதிரிமார்களுக்கும் அதிகாரிகளுக்கும் மலாய் சொல்லிக்கொடுத்தார். முன்ஷி என்ற பட்டமே அதனால்தான். சொல் எல்லாம் மலாய், வாக்கியம் மட்டும் இங்கிலீஷ் என்று இருந்த மொழிபெயர்ப்புகளைப் பார்த்துப் பாதிரியாரோடு மல்லுக்கட்டியிருக்கிறார். என் கட்டுரைகளில் இபு சிவப்பு மை போட்டதும் அதற்கேதான். "சொல் சரி பாக், ஆனா இது இந்தோனேசியன் இல்லை." ஒரு நாகூர் வழிக்காரர் அந்தப் பக்கம் நின்று திருத்தியிருக்கிறார், ஒரு ராஜபாளையத்துக்காரன் இந்தப் பக்கம் உட்கார்ந்து திருத்தப்படுகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

உறுதிமொழி எடுத்துவிட்டால் மட்டும் ஒரு பாஷை ஆபீஸுக்கும் பள்ளிக்கும் வந்துவிடுமா? வரவில்லை. 1938-ல் சோலோவில் முதல் மொழி மாநாடு கூடி, இலக்கணம் வேணும், கலைச்சொல் வேணும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆனால் நிஜமாகக் காரியம் நடந்தது ஜப்பான்காரன் வந்த பிறகு. 1942 மார்ச் 8-ல் டச்சுக்காரர்கள் சரணடைந்தது காலிஜாத்தி விமானதளத்தில். பாண்டுங்கிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். ஜப்பானியர் டச்சு மொழியைத் தடை பண்ணினார்கள். ஜப்பான் மொழியோ யாருக்கும் தெரியாது. ராத்திரியோடு ராத்திரியாக சட்டம், மருத்துவம், கணக்கு, பூகோளம் எல்லாவற்றையும் இந்தோனேசிய மொழியில் சொல்ல வேண்டிய நிலை. அந்த அக்டோபரிலேயே மொழிக் குழு அமைத்துக் கலைச்சொற்களைச் செய்ய ஆரம்பித்தார்கள். அடக்க வந்தவன் செய்த உதவி!

1945 ஆகஸ்ட் 17 சுதந்திரப் பிரகடனத்தை வகுப்பில் மூலத்தோடு படித்தோம். ரெண்டே வாக்கியம். அதில் ஒரு "முதலியன" இருக்கிறது, தெரியுமா? அதிகார மாற்றம் முதலியவை கவனமாகவும் விரைவாகவும் நடத்தப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தேசமே பிறக்கிற காகிதத்தில் "முதலியன" போட்ட தைரியம் யாருக்கு வரும்! வருஷம் 05 என்று போட்டிருக்கும். ஜப்பான் கணக்கில் 2605. மறுநாள் ஏற்ற அரசியல் சட்டத்தின் 36-வது பிரிவு, நாட்டு மொழி இந்தோனேசிய மொழி என்றது.

அதற்குப் பிறகு அந்த மூணாவது வாக்கியம் மெல்ல மாறியது. மேடைப் பேச்சிலும் பள்ளிக்கூடத்திலும் "ஒரே நாடு, ஒரே தேசம், ஒரே மொழி" என்று தாளத்தோடு சொல்லச் சொல்ல, ஒற்றுமையின் மொழி போய் ஒரே மொழி வந்து உட்கார்ந்துகொண்டது. சுகார்த்தோ காலத்தில் "நல்ல, சரியான இந்தோனேசிய மொழி பேசுங்கள்" என்று அரசாங்கப் பிரசாரம். சீன எழுத்து பொது இடத்தில் கூடாது என்றாகி, சீனர்கள் பெயரையே மாற்றிக்கொண்ட காலம் அது. ஜாவா, சுந்தா மொழிகளை யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

சமத்துவம் என்று சொன்னதும் முழுசாக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. எல்லாரையும் சமமாக விளிக்க ஒரு சொல் வேணும் என்று 1957-ல் விமானப்படை கேப்டன் ஒருவர் "ஆண்டா" என்ற சொல்லைப் பத்திரிகையில் முன்மொழிந்தார். இன்று அது விளம்பரத்திலும் பாரத்திலும் இருக்கிறது. நான் இபுவை ஒருநாள் "ஆண்டா" என்று கூப்பிட்டேன். "நான் என்ன சோப்பு விளம்பரம் பார்க்கறவளா?"ன்னார். நேருக்கு நேர் பேசும்போது இன்னமும் அப்பாவும் அம்மாவும்தான்.

ஜாவா மொழி பின்வாசல் வழியாக உள்ளே வந்தது உண்டு. இணையத்திலிருந்து இறக்குவதற்கு "உண்டூ", மரத்திலிருந்து பழம் பறிப்பதற்கான ஜாவானியச் சொல். ஏற்றுவதற்கு "உங்கா", அதுவும் அங்கிருந்தே. ஆனால் வீட்டு முன்வாசலில் என்ன நடக்கிறது என்பதை நான் ஒருநாள் இடைவேளையில் பார்த்தேன்.

இபுவுக்கு சோலோவிலிருந்து அவர் அம்மாவின் போன். அதுவரை கணீரென்று பேசிக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, மெதுவாக, வேறு மனுஷியாக மாறிப் பேசினார். உயர் அடுக்கு ஜாவா மொழி. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மரியாதை மட்டும் புரிந்தது. பேசிவிட்டு வந்து சொன்னார்: "என் பொண்ணுக்கு இது வராது, பாக். பாட்டிகிட்ட தப்பான அடுக்கில் பேசி மரியாதைக் குறைவா ஆயிடுமோன்னு பயந்து இந்தோனேசியன்லயே பேசறா. பாட்டிக்கு அதுதான் மரியாதைக் குறைவாப் படுது."

நான் வருத்தமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் தடுத்துவிட்டார். "இல்லை, இல்லை. இந்தப் பாஷை இல்லைன்னா ஒரு பதாக்கையோ பப்புவாக்காரரையோ நான் சிநேகிதம் பிடிச்சிருக்க முடியாது. என் வீட்டுக்காரர் சுந்தானியர். நாங்க எதில் பேசிக் கல்யாணம் பண்ணியிருப்போம்? எனக்கு ரெண்டும் வேணும்." கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. மணி அடித்துவிட்டது, பாடத்துக்குப் போய்விட்டார்.

எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு. பெரிய கலவரம் எதுவும் இல்லாமல் ஒரு பொது மொழி அமைந்தது சின்ன விஷயம் இல்லை. 2023 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாட்டின் அதிகாரபூர்வ மொழிகளில் பத்தாவதாக இடம் கிடைத்தது. நமக்குக் கிடைக்காத ஒரு தீர்வு அவர்களுக்குக் கிடைத்தது என்றுதான் நினைக்கிறேன். காரணம், பெரும்பான்மை அங்கே விட்டுக்கொடுத்தது. ஆனால் ஜாவா மாதிரி கோடிக்கணக்கில் ஆள் இருக்கிற மொழிக்கே பாட்டி பேத்தி நடுவில் இந்தக் கதி என்றால், ஆயிரம் பேர் பேசுகிற மொழிகளை யார் போய்ப் பார்த்தார்கள்?

வகுப்பு முடிந்து அரசாங்கத்தின் மொழித் தேர்வு, உக்பி, எழுதினேன். ஏழு நிலை. "மாட்யா" கிடைத்தது. வேறென்ன, மத்தியமம்தான்! அதற்கப்புறம் மில்லில் நோட்டீஸ் எழுதினால், ஒட்டுவதற்கு முன் கேட்டில் அன்று கேள்வி கேட்ட அந்த அம்மாவிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அவர் தலையாட்டினால்தான் ஒட்டுவேன்.

இபு போனில் பேசின அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டேன். அப்போது அவளுக்கு ஏழு வயசு. பாண்டுங்கிலேயே வளர்ந்தவள், வேலைக்கார அக்காவோடு சுந்தா, பள்ளியில் இந்தோனேசியன், எங்களோடு தமிழ் மாதிரி ஒன்று. "ஜுஞ்ஜுங்னா தமிழ்ல என்ன?"ன்னேன். "தலைல வெக்கறது"ன்னாள். சரிதான். "தலைல பாரம் வெக்கறதுக்கு முன்னாடி துணி சுத்தி வெப்பாங்களே, அதுக்கு என்ன பேர்?" தெரியவில்லை. சும்மாடு என்றேன். அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. பாட்டி தண்ணிக்குடம் தூக்கிப் பார்த்திருந்தால்தானே! கொடியில் கிடந்த துண்டை எடுத்து, முறுக்கி, வட்டமாகச் சுருட்டி அவள் தலையில் வைத்து, மேலே என் தடி அகராதியை ஏற்றினேன். கையை விட்டுவிட்டு ஹாலில் ரெண்டு சுற்று நடந்தாள்.

"சும்மாடு, சும்மாடு"ன்னு சொல்லிக்கொண்டே.